பெரியப்பா கட்டிய சங்கம்

முதலாளி இல்லாத நிறுவனம் ஒன்று இருந்தது. பொதுவுடைமை பூத்துவிட்டதோ என்று எவரும் பூரித்துவிட வேண்டாம். முதலாளி என்ற சொல்தான் அங்கே இல்லை. நிறுவனத்தை நிறுவியவரைப் 'பெரியப்பா' என்றே அழைக்க வேண்டும் என்பது விதி. பணியாளர் நலம் பார்க்கும் அதிகாரி 'சித்தி'. பிரிவுத் தலைவர் 'மாமா'. வாய்தவறி எவனேனும் 'சார்' என்று சொல்லிவிட்டால் மாமாவின் முகம் வாடும். அந்த வாட்டம் அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வு வரையில் அவனைத் தொடரும்.

அங்கே யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. குடும்பத்தில் ஒருவனை நீக்க முடியுமா? ஆகவே, தனிக்குடித்தனம் வைப்பார்கள். காலையில் ஆள் இருந்த நாற்காலி மாலையில் காலியாக இருந்தால், "பாவம், நல்ல புள்ள. தனிக்குடித்தனம் வெச்சுட்டோம்" என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் துடைத்து முடிப்பதற்குள் அந்த நாற்காலியில் அடுத்த பிள்ளை அமர்ந்திருப்பான்.

இந்தப் பாசப் பண்ணையில் விளைந்த பயிர், வீடியோ கேம். கண்ணாடிச் சுவர் எழுப்பிய கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகத் திரைகள். திரைகளில் கோட்டைகள், கொள்ளையர், பறக்கும் குதிரைகள். குதிரையைப் பறக்க வைத்தவர்கள் மேல்தளத்தில் இருந்தார்கள். அந்தக் குதிரை பறக்கும்போது அதன் கால் மேகத்தில் மாட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பவர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். இவர்களுக்கு டெஸ்டர்கள் என்று பெயர். நம்முடைய ஆள் கீழ்த்தளத்துக்காரர்.

அவருடைய தொழில் சுவரில் முட்டுவது. விளையாட்டில் வரைந்து வைத்த சுவர், பார்வைக்குக் கருங்கல்லாக இருக்கும்; ஆனால் ஏதோ ஓரிடத்தில் காற்றாக இருந்து, ஆளை அந்தப் பக்கம் விட்டுவிடும். அதற்குச் 'சுவர் விடுது' என்று அவர்கள் பாஷை. விடுகின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. திரையில் நடக்கும் உருவத்தைச் சுவரின் ஒவ்வோர் அங்குலத்திலும் கொண்டுபோய் மோதவிட வேண்டும். இரு கைகளிலும் கன்ட்ரோலர் என்ற பொத்தான் கருவியைப் பிடித்து, வலது கட்டைவிரலால் அழுத்தி, அழுத்தி, ஆண்டுக்கணக்கில் மோதினார் அவர். பெற்றவர்கள் இட்ட பெயரை மறந்து, பிரிவே அவரைச் 'சுவர்முட்டி' என்று கூப்பிட்டது. தெருவில் நடக்கும்போதும் மதிலை விரலால் தொட்டுக்கொண்டே போவார். "விடுதா?" என்று மனைவி கேலி செய்வாள். "இன்னும் இல்ல" என்பார்.

ஒரு நாள் காலை, நான்கு வயது மகளுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியவில்லை. கட்டைவிரல் இருந்தது, பொத்தானும் இருந்தது, ஆனால் பொத்தான் இருப்பது கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.

"அப்பா, உனக்குப் பட்டன் போடத் தெரியாதா?" என்றாள் மகள்.

"தெரியும்டா செல்லம்."

"அப்புறம் ஏன் சும்மா தடவுற?"

பேருந்து ஓட்டும் வேலைக்குப் புறப்பட்டு நின்ற மனைவி, வந்து பொத்தானைப் போட்டாள். பிறகு கணவரின் விரலைப் பிடித்து, தன் நகத்தால் அழுத்தமாகக் கிள்ளினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. அவள் முகம் சுளித்தது.

மருத்துவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நரம்பு நசுங்கியிருக்கு. சில மாசமாவது இந்தக் கைக்கு ஓய்வு கொடுங்க. இல்லைன்னா அதுவா ஓய்வு எடுத்துக்கும். அப்புறம் கூப்பிட்டாலும் வராது" என்றார்.

ஆக, அந்த மனிதருக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்: கைக்கு ஓய்வு. உலகை மாற்றும் ஆசை அவருக்கு இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கும் எண்ணம் இல்லை. மகளின் சட்டைக்குப் பொத்தான் போடும் அளவுக்கு ஒரு விரல் வேண்டும். அதைக் கேட்க மாமாவிடம் போனார்.

மாமா நல்லவர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தொழிலின் தலையாய விதியை எடுத்து முன்னால் வைத்தார்.

டெஸ்டர்களின் உலகில், ஒருவன் கண்ட பிழை பிழையே அல்ல. அதே வழியில் போன இன்னொருவன் கையிலும் அது மறுபடி நிகழ வேண்டும். நிகழாவிட்டால் அது கனவு, கற்பனை, கண் மயக்கம், குப்பைக்குப் போகும்.

"நீ எப்படி அழுத்தின?" என்று கேட்டார் மாமா.

"இப்படித்தான் மாமா."

மாமா கன்ட்ரோலரை வாங்கித் தம் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தார். விரலை மடக்கினார், நீட்டினார், சொடுக்கினார். சொடுக்குச் சத்தம் கணீரென்று கேட்டது.

"என் கையில வரலையே, சுவர்முட்டி."

"நீங்க இப்பதானே அழுத்துறீங்க, மாமா. நான் வருஷக்கணக்கா..."

"வருஷக்கணக்கா அழுத்தினாதான் வரும்னா, அதை யாரு உக்காந்து திரும்ப வரவழைக்கிறது? எனக்கு வேற வேலை இல்லையா?"

பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் தலையைத் திருப்பினாள். தடித்த கண்ணாடி போட்டவள் என்பதால் அவளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். "எனக்கும் வருது மாமா. சுண்டுவிரல்ல லேசா" என்றாள்.

"லேசா வந்தா அது பழக்கம். முழுசா வரட்டும், பார்க்கலாம்."

"முழுசா வந்தா கை போயிடும் மாமா."

"போனா வா. அப்ப ஆதாரம் கிடைச்சிடும்ல?" என்ற மாமா, குரலைத் தாழ்த்திப் பரிவோடு சேர்த்தார்: "குறைன்னா சங்கத்துல சொல்லுங்க. அதுக்குத்தானே பெரியப்பா சங்கம் கட்டி வெச்சிருக்கார்?"

அந்தச் சங்கத்தின் பிறப்பு வரலாறு பெருமைக்குரியது. வேறு நாடுகளில் இதே தொழிலைச் செய்தவர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பெரியப்பாவின் விளையாட்டுகளை மொத்தமாக வாங்கி விற்கும் கம்பெனியும், "உங்கள் இடத்தில் தொழிலாளர் சங்கம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டது. இல்லை என்றால் வியாபாரம் போகும். உண்டு என்றால் பொய்யாகும். பெரியப்பா பொய் சொல்லாதவர். ஆகவே மேல்தளத்தாரைக் கூப்பிட்டு, "ஒரு சங்கம் வேணும். மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் கொடுங்க" என்றார். வானத்தில் கோட்டை வரைந்து விற்பவர்களுக்குச் சங்கம் வரைவது பெரிய வித்தையா? வரைந்தார்கள், வண்ணம் பூசினார்கள், இசையும் சேர்த்தார்கள்.

தங்களுக்குத் தெரிந்த விளையாட்டு இலக்கணத்தில் வரைந்த சங்கம் ஆதலால் அதில் படிகள் இருந்தன. முதற்படியில் இருப்பவர் 'கேட்போர்'. அவர் கூட்டத்தில் கேட்கலாம். அதாவது, பிறர் பேசுவதைக் காதால் கேட்கலாம். அடுத்த படி 'கைதட்டுவோர்'. அதற்கும் மேலே 'தலையசைப்போர்'. அதனையும் தாண்டியவரே 'குரல் உடையோர்'. குரல் உடையோர் ஒரே ஒரு குறையை, ஒரே ஒரு முறை, எழுந்து நின்று சொல்லலாம். சங்கம் தோன்றிய நாள்முதல் குரல் உடையோர் எவரும் இல்லை. ஏறும்போதே பலரையும் தனிக்குடித்தனம் வைக்க நேர்ந்துவிட்டது.

சங்கத்தின் தலைவர், 'மாப்பிள்ளை'. மற்றவர்களுக்கெல்லாம் உறவுமுறை ஒப்புக்கு. இவருக்கு மட்டும் அது உண்மை. பெரியப்பாவின் பெண்ணைக் கட்டியவர்.

மாமா சொன்னபடி சுவர்முட்டி சங்கத்தில் சேர்ந்த வாரத்தில் அதன் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. வேலை நேரத்தில் வேலையை நிறுத்தினால் வேலை கெடும் என்று சங்கத்தின் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆகவே வார விடுமுறை நாளில் எல்லாரும் வந்து, அவரவர் நாற்காலியில் அமர்ந்து, வேலையை நிறுத்தினார்கள். முழக்கம் உண்டு. ஆனால் வாயால் போட்டால் மேல்தளத்துக்கு இடைஞ்சல். அதற்காக முழக்கப் பொத்தான் ஒன்று வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால், அழுத்தியவர் காதில் மாட்டிய கருவியில் மட்டும், ஆயிரம் பேர் சேர்ந்து முழங்குவது கேட்கும்.

"கேட்போம்! கேட்போம்! கொடுப்பதைக் கேட்போம்!"

மரத்த விரலால் அழுத்தி முழங்கினார் சுவர்முட்டி. மாப்பிள்ளை மேடையேறினார்.

"உடன்பிறப்புகளே! உழைப்பால் உயர்ந்தவர்களே! இந்த உலகில் எத்தனையோ சங்கங்கள் உண்டு. அவை முதலாளியை எதிர்த்துப் பிறந்தவை. எதிர்ப்பிலே பிறந்தது எரிச்சலிலே வளரும். எரிச்சலிலே வளர்ந்தது இடிபாட்டிலே முடியும். நம் சங்கமோ முதலாளியின் மடியிலே பிறந்தது! அவர் மடியிலே இருப்பதால்தான் அவர் சட்டைப் பைக்கு இவ்வளவு அருகில் இருக்கிறோம்! கை நீட்டினால் எட்டும். ஆனால் நாம் நீட்டுகிறோமா? இல்லை! ஏன்? அதுதான் கண்ணியம்! என் மாமனாரிடம் உங்களுக்காக நான் வாதாடாத நாள் இல்லை. சாப்பாட்டு மேசையில் வாதாடுகிறேன். 'பேசாம சாப்பிடுங்க மாப்பிள்ளை' என்பார். நானும் சாப்பிடுவேன். உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறேன்!"

கைதட்டுவோர் கைதட்டினார்கள். கேட்போராகிய சுவர்முட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை நமக்காக ரொம்ப சாப்பிடுறார்ல?" என்றாள் கண்ணாடி. "போன வருஷத்தைவிட ஒரு சுத்து பெருத்துட்டார்."

*

சங்கம் கண்ட பெரியப்பாவுக்கு அதன்மேல் காதலே பிறந்துவிட்டது. கொடிகளும் கோஷங்களும் பார்க்க அழகாக இருந்தன. அழகாக இருப்பது விற்கும் அல்லவா? அடுத்த விளையாட்டுக்கு அதுவே பொருளாயிற்று. 'கரங்களின் எழுச்சி' என்று பெயர். ஒரு பழைய ஆலை, கொடுமைக்கார முதலாளி, பூட்டிய வாசல், வெளியே கொதிக்கும் தொழிலாளர் கூட்டம். விளையாடுபவர்கள் தொழிலாளர்களாகி, கல்லெறிந்து, கோஷமிட்டு, தடியடி வாங்கி, கடைசிக் கட்டத்தில்தான் வாசலைத் திறக்க வேண்டும்.

உரிமைப் போரை உரிய நாளில் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், கீழ்த்தளத்தில் விடுமுறைகள் அனைத்தும் ரத்தாயின. உட்கார்ந்த இடத்திலேயே உண்டு, உட்கார்ந்த இடத்திலேயே உறங்கி, ஓயாமல் உரிமைக்காகப் போராடினார்கள் டெஸ்டர்கள். வீட்டுக்குப் போக அனுமதி கேட்டவனை மாமா தோளில் தட்டி, "அங்க தொழிலாளி ரத்தம் சிந்திட்டிருக்கான், உனக்கு வீடு கேக்குதா?" என்று திரையைக் காட்டினார்.

அந்த நாள்களில் ஒரு பிற்பகல். ஆலை வாசலில் எல்லா டெஸ்டர்களும் சேர்ந்து விளையாடிச் சோதிக்கும் கட்டம். திடீரென்று சுவர்முட்டியின் விரல் முற்றிலும் செத்தது. கன்ட்ரோலர் மடியில் விழுந்தது. திரையில் அவருடைய தொழிலாளி அப்படியே நின்றான்.

"என்னாச்சுண்ணே?" என்று கண்ணாடி தன் கன்ட்ரோலரை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துத் தேய்த்தாள். அவளுடைய தொழிலாளியும் நின்றான். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் எடுக்க எழுந்தான். பின்வரிசையினர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையிலும் கன்ட்ரோலர் இல்லை. திரையில் கூட்டம் முழுவதும் கல்லெறியாமல், கத்தாமல், கை தொங்க நின்றது.

அப்போது அது நடந்தது.

கொடுமைக்கார முதலாளி மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். கல்லெறிந்தால் காவலரை ஏவ அவனுக்குத் தெரியும். கோஷமிட்டால் சொற்பொழிவாற்றத் தெரியும். ஓடினால் துரத்தத் தெரியும். அப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழியை மேல்தளத்தார் எழுதி வைத்திருந்தார்கள். சும்மா நிற்கும் கூட்டத்துக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவன் இப்படியும் அப்படியும் நடந்தான். படியிறங்கி வந்தான். வாசல் பூட்டைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றான்.

கீழ்த்தளமே திரையருகே குவிந்தது.

"திரும்ப வருதா பாருங்க" என்றார் சுவர்முட்டி. செத்த விரல் அவருக்கு மறந்தே போயிற்று. தொழில் புத்தி அப்படிப்பட்டது.

முதலிலிருந்து ஆடினார்கள். எல்லாரும் கையை எடுத்தார்கள். முதலாளி இறங்கி வந்து திறந்தான். ஒருவன் மட்டும் கல்லெறிந்தால் திறக்கவில்லை. எல்லாரும் நின்றால் திறந்தான். எத்தனை முறை செய்தாலும் திறந்தான். அவர்கள் ஆயுளில் கண்ட பிழைகளிலேயே இதைப்போல் பிசகாமல் திரும்ப வந்த பிழை வேறில்லை.

சுவர்முட்டி என்ன செய்தார் தெரியுமா? நல்ல டெஸ்டர் செய்வதைச் செய்தார். நேரே மாமாவிடம் போய்ச் சொன்னார். மாமா அவரைக் கட்டிக்கொண்டார்.

"டேய், இது வெளிய போயிருந்தா என்னாகியிருக்கும்? முதல் நாளே எல்லாரும் ஜெயிச்சிருப்பானுங்க! சும்மா நின்னு ஜெயிக்கிறதுக்கு எவன்டா வாங்குவான்? சரி, இதை எப்படி அடைக்கிறது? நீயே சொல்லு, கண்டுபிடிச்சவன் நீ."

அதுவரை எவரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. சுவர்முட்டியின் நெஞ்சு நிமிர்ந்தது.

"சும்மா நிக்கிறவங்களைக் கொஞ்ச நேரத்துல அங்கிருந்து எடுத்துடலாம், மாமா. பின்னாலிருந்து புது ஆளை உள்ள விட்டா, கூட்டம் எப்பவும் கூட்டமாவே இருக்கும். கதவு திறக்காது."

அன்றே அது அடைபட்டது. அந்தத் தொண்டுக்குப் பரிசாக, எல்லாப் படிகளையும் ஒரே தாவலில் தாண்டி, சுவர்முட்டி சங்கத்தில் 'குரல் உடையோர்' ஆக்கப்பட்டார்.

குரல் கிடைத்தவர் வேறு எதைக் கேட்பார்? அடுத்த கூட்டத்தில் எழுந்து, வலது கையை நீட்டி, "இதுக்குக் கொஞ்ச மாசம் ஓய்வு வேணும், மாப்பிள்ளை" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. சங்கத்தில் முதன்முதலாக ஒரு குறை! மாப்பிள்ளையின் கண்கள் கலங்கின. குறையே வராத சங்கம் செத்த சங்கம் என்று வாங்குபவர்கள் ஏற்கெனவே முணுமுணுத்திருந்தார்கள். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கையைப் பல கோணங்களில் படமெடுத்தார்கள். நாள் முழுவதும் ஆய்ந்தார்கள். மாலையில் மாப்பிள்ளை தீர்ப்பைப் படித்தார்.

"தோழர் சுட்டிக்காட்டிய விரல் உண்மையிலேயே மரத்திருக்கிறது. இதை மறைக்க நாங்கள் யார்? ஆனால் சிந்தியுங்கள். ஒரு பொத்தானைப் பல ஆண்டுகள் அழுத்தினால் விரல் மரக்கும் என்பது நமக்குத் தெரியும். மேல்தளத்துக்குத் தெரியும். என் மாமனாருக்கு, வேலைக்கு ஆள் எடுத்த அன்றைக்கே தெரியும். தெரிந்தே நடப்பது பிழையாகுமா? எதிர்பாராதது நடந்தால்தான் பிழை! இது எதிர்பார்த்தது! திட்டத்தில் உள்ளது! ஆகவே இது குறையல்ல, இயல்பு என்று சங்கம் ஒருமனதாக அறிவிக்கிறது!"

தலையசைப்போர் தலையசைத்தார்கள். மீண்டும் பேசச் சுவர்முட்டி வாயைத் திறந்தபோது, அவருடைய குரல் முடிந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். ஒரு குறை, ஒரு முறை.

*

வீட்டுக்குப் போனபோது மனைவி சமையலறை மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் கத்தியை வைக்கவில்லை.

"எங்க டிப்போல ஒரு டிரைவருக்கு முதுகு போச்சு. லீவு தர மாட்டேன்னாங்க" என்றாள்.

"என்ன பண்ணீங்க? கல்லெறிஞ்சீங்களா?"

"எதுக்கு எறியணும்? நாங்க ஓட்டுற பஸ்ஸு மேலயேவா? காலையில வந்து அவங்கவங்க சீட்டுல உக்காந்தோம். ஸ்டியரிங்ல கை வைக்கல. அவ்வளவுதான். மேனேஜர் மாடியில இருந்து இறங்கி வந்தார். இப்படிப் போனார், அப்படிப் போனார். மத்தியானத்துக்குள்ள லீவு கொடுத்தார்."

சுவர்முட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"அதை நான் பார்த்திருக்கேன்" என்றார்.

"எங்க?"

"கேம்ல. எல்லாரும் கையை எடுத்தா முதலாளி இறங்கி வந்து கதவைத் திறந்துட்டான்."

"பரவாயில்லையே! அப்புறம்?"

"தப்புன்னு நான்தான் போய்ச் சொன்னேன்."

அவள் கத்தியை வைத்தாள்.

"சொல்லி?"

"சரி பண்ணிட்டாங்க. எப்படிச் சரி பண்றதுன்னும் நான்தான் சொன்னேன்."

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் சுவர்ல ஓட்டை தேடுற மனுஷன், கிடைச்ச ஒரே ஓட்டையை நீயே பூசிட்டு வந்திருக்கியே" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் கண்ணாடியிடம் இதைச் சொன்னார். அவள் உணவுப் பெட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். லேசாக வந்தது இப்போது முழுசாக வந்துகொண்டிருந்தது.

"அடைச்சது கேம்லதானேண்ணே? இங்க யாரு அடைச்சா?"

"இங்கன்னா?"

"வெளியீட்டு விழா வருதுல்ல? மேடையில நாமதானே விளையாடிக் காட்டணும். எல்லாரும் கையை எடுத்துடுவோம். உங்க கைக்கு லீவு கொடுக்கிற வரைக்கும். என் கைக்கும்."

மற்றவர்களிடம் மெல்லச் சொன்னார்கள். எவனும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் ஆளுக்கொரு மரத்த விரல் இருந்தது.

*

விழா நாள். வாங்குபவர்கள் வந்திருந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடையில் டெஸ்டர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே பெருந்திரை. பெரியப்பா நெஞ்சில் கைவைத்து, "உழைக்கும் கரங்களுக்கு என் குடும்பம் செலுத்தும் காணிக்கை இது" என்று தொடக்கி வைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. ஆலை வாசலில் கூட்டம் கொதித்தது. சுவர்முட்டி கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். கண்ணாடி வைத்தாள். வரிசை முழுவதும், ஒருவர்பின் ஒருவராக வைத்தார்கள். கைகளை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு நேராக அமர்ந்தார்கள். மேடையில் அமைதி. திரையிலும் அமைதி.

சுவர்முட்டி பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா இப்படிப் போனார், அப்படிப் போனார். மேடையின் படிவரை வந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சுவர் விடுவதுபோல் இருந்தது.

அப்போது திரையில், சும்மா நின்ற தொழிலாளர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பின்னாலிருந்து புதிய தொழிலாளர்கள் ஓடிவந்து அந்த இடங்களில் நின்று கல்லெறிந்தார்கள். கூட்டம் கூட்டமாகவே இருந்தது. கதவு திறக்கவில்லை. அடைப்பு அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது.

பெரியப்பா திரையைப் பார்த்தார். முகம் தெளிந்தது. மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில், அடுத்த மாதம் வேலையில் சேர்வதற்காகப் பயிற்சியில் இருந்த புதுப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னாலிருந்து அழைத்து வரப்பட்டார்கள். மாமா ஒவ்வொரு டெஸ்டரின் தோளையும் அன்போடு தொட்டு எழுப்பினார். சூடாறாத நாற்காலியில் புதியவர் அமர்ந்தார். தரையில் கிடந்த கன்ட்ரோலரைப் புதிய கை எடுத்தது.

வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையையும் திரையையும் இணைத்த இந்த நாடகத்தைப்போல் உருக்கமான விளம்பரத்தைக் கண்டதில்லை என்று ஒரு பத்திரிகைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

பெரியப்பா ஒலிபெருக்கியை வாங்கினார். "இந்த யோசனை என்னுதில்ல. பெருமையை நான் திருடமாட்டேன். நம்ம பிள்ளை சுவர்முட்டி சொன்ன யோசனை! எங்க அவன்? கைதட்டுங்க அவனுக்கு!"

அவரைப் பக்கவாட்டுக் கதவுவரை கொண்டுபோயிருந்தார்கள். கைதட்டல் அவர் முதுகில் விழுந்தது. கதவருகே சித்தி கைக்குட்டையோடு காத்திருந்தார்.

"எங்கிருந்தாலும் நல்லா இருங்கப்பா" என்றார் சித்தி. "தனிக்குடித்தனம்னா ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும்."

மறுநாள் காலை, பழக்கம் விடாமல் எல்லாரும் வந்து நின்றார்கள். வாசல் கதவு அவர்களுடைய அட்டைகளை அடையாளம் தெரியாது என்றது. காவலாளி உள்ளிருந்து கைகாட்டி, நிழலில் நிற்கச் சொன்னார். போகச் சொல்லவில்லை, அவருக்கும் முழங்கால் வலி. கட்டடத்துக்குள் சங்கத்தின் அறிக்கை அழகிய பெண் குரலில் ஒலித்துக்கொண்டிருந்தது. குடும்பம் வளர்ந்துகொண்டே இருப்பதாக அது மகிழ்ந்தது.

"வீட்டுல என்ன சொன்னாங்கண்ணே?" என்று கேட்டாள் கண்ணாடி.

"பொண்ணு இன்னைக்கு அவளாவே பட்டன் போட்டுக்கிட்டா. ஒரு துளை மாத்திப் போட்டிருந்தா. சரின்னு விட்டுட்டேன்" என்றார் சுவர்முட்டி. "என்னால கழட்டவும் முடியல."

பிறகு அவர் நடந்தார். எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கட்டடத்தின் கண்ணாடிச் சுவரை இடது கையால் தொட்டுக்கொண்டே, அங்குலம் அங்குலமாக, மூலை திரும்பி, கீழ்த்தளத்தின் பக்கம் போனார். கண்ணாடி பின்னால் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். சுவரின் இருண்ட பூச்சுக்கு உள்ளே வரிசை வரிசையாகத் திரைகள் மின்னின. புதிய பிள்ளைகள் குனிந்து, சுவர்களில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓரிடத்தில் சுவர்முட்டியின் கை நின்றது.

உள்ளே, அவருடைய பழைய நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். வயது கண்ணாடிக்கும் குறைவு. அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், வலது கையைக் கன்ட்ரோலரிலிருந்து விடுவித்து, காற்றில் இரண்டு உதறு உதறினாள். கட்டைவிரலைப் பல்லால் மெல்லக் கடித்துப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மறுபடி அழுத்தத் தொடங்கினாள்.

"திரும்ப வருது" என்றார் சுவர்முட்டி.

"அண்ணே, இந்தத் தடவை போய்ச் சொல்லிடாதீங்க" என்றாள் கண்ணாடி.

அவர் மரத்த வலது கையை இடது கையால் தூக்கி, கண்ணாடிச் சுவரில் உள்ளங்கை படும்படி வைத்தார். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் அதை எடுக்காமல் அங்கேயே நின்றார்.